நூலகத்தில் தொடர்ந்த உள்நாட்டுப் போர்

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரல் 12 அன்று தொடங்கி, 1865இல் முடிவுற்றது. இன்று நாம் பேசவிருப்பது அந்தப் போரின் படை நகர்வுகளைப் பற்றியல்ல. அந்தப் போரின் வரலாற்றை அமெரிக்கப் பொது நூலகங்கள் மக்களிடம் எவ்வாறு கொண்டு சென்றன, எவ்வாறு மறைத்தன, இன்று எவ்வாறு பேசுகின்றன என்பதைப் பற்றி.

நூலக நிகழ்ச்சிகள் அரசியல் வகுப்பில் பேசத்தக்க பொருளா என்ற ஐயம் எழலாம். போர்க்களத்தில் தோற்ற ஒரு வர்க்கம், அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மக்களின் நினைவில் வெற்றி பெற்று நின்றது. அந்த வெற்றி கட்டப்பட்ட இடங்களுள் ஒன்று நூலக அலமாரி. அது தகர்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று நூலகத்தின் வாசிப்பு மேசை. ஆகவே இது நமக்குரிய பொருளே.

போர் எதற்காக நடந்தது?

1860ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம். அவர்களில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் தக்க உடைமையாகச் சட்டம் அவர்களைக் கருதியது. அவர்கள் விளைவித்த பருத்தி, அந்நாட்டின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல். பிரிட்டன் இறக்குமதி செய்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அந்தத் தோட்டங்களிலிருந்தே சென்றது. லங்காஷயரின் ஆலைகள், நியூயார்க்கின் வங்கிகள், தெற்கின் தோட்டங்கள் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் 1860இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன், தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றியத்தை விட்டு விலகித் தனிக் கூட்டமைப்பை அமைத்தன. எதற்காக விலகினோம் என்பதை அவை ஒளிக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் வெளியிட்ட அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது என்று வெளிப்படையாகக் கூறியது. கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசுகையில், கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

போரில் மாண்டவர்கள் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் என்று நீண்ட காலம் கணக்கிடப்பட்டது. அண்மைக்கால ஆய்வு இந்த எண்ணிக்கையை ஏழரை லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஒன்றியத் தரைப்படையில் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பினத்தவர் சேர்ந்து போரிட்டனர். 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. நஷ்டஈடு ஒரு காசும் வழங்காமல் இவ்வளவு பெரிய உடைமை உடைமையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிகழ்வு அந்நூற்றாண்டில் அரிது.

தோற்றவர்கள் எழுதிய வரலாறு

நிலம் மட்டும் தோட்ட முதலாளிகளிடமே தங்கிவிட்டது. 1877இல் கூட்டரசுப் படைகள் தெற்கில் காவல் பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட பின், விடுதலை பெற்ற மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. குத்தகைக் கடனும் கைதி உழைப்பும் பழைய சாட்டையின் இடத்தைப் பிடித்தன. இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் ஏழை வெள்ளையரும் ஏழைக் கறுப்பரும் ஒன்றுசேரக் கூடாது. அதற்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது.

அந்த வரலாறு ஆயத்தம் செய்யப்பட்டது. போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது. எசமானர்கள் அன்பானவர்கள், அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்தனர். தெற்கின் வீரர்கள் தோற்றது எண்ணிக்கையால், நியாயத்தால் அல்ல. இதுவே அதன் சாரம். 1894இல் தோன்றிய, கூட்டமைப்புப் படைவீரர்களின் பெண் வழித்தோன்றல்களின் சங்கம் ஊர்தோறும் சிலைகள் எழுப்பியது. சிலைகளைப் பற்றி உலகம் அறியும். நூலகங்களில் அது செய்த வேலை அவ்வளவாக அறியப்படவில்லை.

அச்சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரூதர்போர்டு, 1920ஆம் ஆண்டையொட்டி ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். பள்ளி, கல்லூரி, நூலகங்களில் உள்ள நூல்களைச் சோதிப்பதற்கான அளவுகோல் அது. போருக்குக் காரணம் அடிமை முறை என்று சொல்லும் நூலை, அடிமை உடைமையாளர் கொடியவர் என்று சொல்லும் நூலை, லிங்கனைப் புகழ்ந்து கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசைத் தாழ்த்தும் நூலை விலக்க வேண்டும் என்று அது வகுத்தது. அத்தகைய நூல்கள் நூலகத்தில் ஏற்கெனவே இருந்தால், அவை தெற்குக்கு அநீதி இழைப்பவை என்று முகப்புப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்றும் நூலகங்களைக் கேட்டுக்கொண்டது. நூலை எரிக்கத் தேவையில்லை, தோழர்களே. வாசகன் அதைத் திறக்கும் முன்பே அதன்மீது ஐயத்தை ஒட்டிவிட்டால் போதும்.

அமர்ந்து வாசிக்கும் உரிமை

அலமாரியில் எந்த நூல் இருக்கலாம் என்பது ஒரு கேள்வி. மேசையில் யார் அமரலாம் என்பது அதனினும் அடிப்படையான கேள்வி.

அட்லாண்டாவில் 1902இல் கார்னெகியின் நிதியில் பொது நூலகம் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. அங்குப் பேராசிரியராக இருந்த டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் ஒரு குழுவோடு சென்று நூலக அறங்காவலர்களிடம் முறையிட்டார். வரி செலுத்தும் மக்களுக்கு நூலகத்தில் இடமில்லை என்பது என்ன நியாயம் என்ற அவரது கேள்விக்குப் பயனில்லை. அந்நகரில் கறுப்பின மக்களுக்கென ஒரு கிளை நூலகம் திறக்கப்பட மேலும் 19 ஆண்டுகள் ஆயின. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1905இல் தொடங்கப்பட்ட மேற்குக் கிளை, கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினப் பணியாளர்களே நடத்திய முதல் பொது நூலகக் கிளை. நியூயார்க்கின் ஹார்லெமில் 135ஆம் தெருக் கிளை நூலகம், அர்துரோ ஷோம்பர்க் வாழ்நாளெல்லாம் திரட்டிய கறுப்பின வரலாற்றுத் தொகுப்பை 1926இல் பெற்றது. கறுப்பினத்தவருக்கு வரலாறே இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில் திரட்டப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட நூல்கள் அவை.

வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் 1939 ஆகஸ்டு 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக நூலகத்துக்குள் சென்று உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தனித்தனி மேசையில் அமர்ந்து அமைதியாக வாசிக்கத் தொடங்கினர். காவல் துறை வந்து அவர்களைக் கைது செய்தது. திட்டத்தை வகுத்தவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். நகர நிர்வாகம் கதவைத் திறக்கவில்லை. கறுப்பின மக்களுக்கெனத் தனியே ஒரு சிறு நூலகத்தைக் கட்டிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டது.

அதே வர்ஜீனியாவின் டான்வில் நகரில் நடந்ததுதான் எல்லாவற்றையும் ஒரே காட்சியில் வைக்கிறது. 1865 ஏப்ரலில் தலைநகர் ரிச்மண்டை விட்டு ஓடிவந்த ஜெபர்சன் டேவிஸ், தன் அரசின் கடைசி நாட்களில் சிலவற்றைக் கழித்த மாளிகை அங்கே உள்ளது. கூட்டமைப்பின் கடைசித் தலைநகர் என்று போற்றப்பட்ட அந்த மாளிகையே பின்னாளில் நகரின் பொது நூலகமாயிற்று, வெள்ளையருக்கு மட்டும். 1960 ஏப்ரலில் கறுப்பின மாணவர்கள் அதற்குள் நுழைந்து நூல் கேட்டனர். நகர நிர்வாகம் நூலகத்தை மூடியது. நீதிமன்றம் தலையிட்டது. மாதங்கள் கழிந்து நூலகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அனைவருக்கும் அனுமதி உண்டு. ஆனால் நாற்காலிகள் அகற்றப்பட்டிருந்தன. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்ந்து வாசிப்பதைவிட, எவரும் அமராமல் இருப்பதே மேல் என்று கருதினார்கள். நிறவெறி தன் சொந்த மக்களிடமிருந்தும் எதைப் பறிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

1961இல் போரின் நூற்றாண்டு விழாவை அமெரிக்க அரசு கொண்டாடியது. அவ்விழாக் குழுவின் கூட்டம் சார்ல்ஸ்டன் நகரில் நடந்தபோது, நியூஜெர்சி மாநிலத்தின் கறுப்பினப் பெண் பிரதிநிதிக்கு அங்குள்ள விடுதி இடம் தர மறுத்தது; கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் நகர நூலகத்தில் டூகலூ கல்லூரியின் ஒன்பது மாணவர்கள் அமர்ந்து வாசித்ததற்காகக் கைது செய்யப்பட்டனர். அடிமை முறை ஒழிந்த போரின் நூற்றாண்டில், அடிமைகளின் கொள்ளுப்பேரர்கள் நூலகத்தில் அமர்ந்ததற்காகச் சிறை சென்றனர்.

இன்றைய நிகழ்ச்சிகள்

இந்தப் பின்னணியை அறிந்தால்தான் இன்று நூலகங்களில் நடப்பவற்றின் பொருள் விளங்கும். 2011இல் போரின் 150ஆம் ஆண்டு வந்தபோது, அமெரிக்க நூலகச் சங்கமும் மானுடவியல் கல்விக்கான தேசிய நிதியமும் சேர்ந்து நாடெங்கும் பொது நூலகங்களில் ஒரு வாசிப்பு உரையாடல் தொடரை நடத்தின. அதன் முறை எளிமையானது. பொதுமக்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு வருவார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவர் உரையாடலை வழிநடத்துவார். கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை. ஐந்து அமர்வுகள்.

மூன்று நூல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. முதலாவது, போர்ப்படைப் பாதிரியார் ஒருவரின் மனப்போராட்டத்தைச் சொல்லும் ஜெரால்டின் புரூக்சின் நாவல் ‘மார்ச்’. இரண்டாவது, 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த ஆன்டீட்டம் போரைப் பற்றி ஜேம்ஸ் மெக்பர்சன் எழுதிய வரலாறு. ஒரே நாளில் சுமார் 23 ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்த அந்தப் போருக்கு ஐந்து நாள் கழித்தே, அடிமைகளை விடுவிக்கும் முன்னறிவிப்பை லிங்கன் வெளியிட்டார். மூன்றாவது, வரலாற்றறிஞர் எட்வர்டு ஏயர்ஸ் தொகுத்த உரைகள், நினைவுக் குறிப்புகள், கதைகள் அடங்கிய நூல்.

இவற்றுக்கு அப்பாலும் நூலகங்களின் பணி விரிகிறது. 1936 முதல் 1938 வரை, வேலையற்ற எழுத்தாளர்களுக்கு ஊதியம் தந்த அரசுத் திட்டமொன்று, அடிமைகளாய் வாழ்ந்து அப்போது முதுமையடைந்திருந்த 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்தது. அவை இன்று காங்கிரஸ் நூலகத்தின் வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. டெக்சாசின் கால்வஸ்டனில் விடுதலைச் செய்தி அறிவிக்கப்பட்ட ஜூன் 19, 2021 முதல் தேசிய விடுமுறை நாள்; அதனையொட்டியும் நூலகங்களில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அலெக்சாண்ட்ரியாவில் 1939இல் ஐந்து பேர் கைதான அதே கட்டடத்தில் இன்று அந்நகரின் வரலாற்று ஆவணப் பிரிவு இயங்குகிறது.

இந்த நிகழ்ச்சிகளின் வலிமை எதில் இருக்கிறது? மூல ஆவணத்தை மக்கள் கையில் கொடுப்பதில் இருக்கிறது. மாநில உரிமைக்கான போர் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர், மிசிசிப்பியின் அறிக்கையைத் தாமே படிக்கிறார். ஸ்டீபன்சின் பேச்சைத் தாமே படிக்கிறார். வெளியிலிருந்து எவரும் அவருடன் வாதிடத் தேவையில்லை. அவருடைய முன்னோரே அவருக்கு விடை சொல்கிறார்கள்.

குறை எதில் இருக்கிறது? சகோதரரை எதிர்த்துச் சகோதரர் நடத்திய சோகப் போர் என்ற பார்வை இன்னும் முற்றாக நீங்கவில்லை. இரு தரப்புத் துயரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால், யார் யாரைச் சுரண்டினார்கள் என்ற கேள்வி மங்கிவிடுகிறது. டுபாய்ஸ் 1935இல் வெளியிட்ட ‘கறுப்பின மறுசீரமைப்பு’ அந்த மூன்று நூல்களுள் இல்லை. அடிமைகள் விடுதலையைப் பரிசாகப் பெறவில்லை. சுமார் 5 லட்சம் பேர் தோட்டங்களை விட்டு வெளியேறி ஒன்றியப் படைகளின் பக்கம் சென்றது ஒரு பொது வேலைநிறுத்தம். அதுவே தெற்கின் பொருளாதாரத்தை முறித்தது என்பது அவர் முன்வைத்த வாதம். 1961இல் தம் 93ஆவது வயதில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர் அவர். அடிமைகளின் கலகங்களைப் பற்றி 1943இல் விரிவான நூலை வெளியிட்ட ஹெர்பர்ட் ஆப்தேக்கரும் அக்கட்சியைச் சேர்ந்த வரலாற்றறிஞரே. ஆளும் வர்க்க வரலாறு கோலோச்சிய காலத்தில் மாற்று வரலாற்றை எழுதிக் காத்ததில் நம் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பஞ்சு காட்டும் வழி

போர் தொடங்கியதும் தென் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயரின் ஆலைகள் பஞ்சின்றி நின்றன. தொழிலாளர் பட்டினியில் வாடினர். அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமை முறைக்கு எதிராக ஒன்றியத்தை ஆதரித்தனர். அடுத்த மாதமே லிங்கன் அவர்களுக்கு நன்றி தெரிவித்து எழுதினார். 1864 செப்டம்பரில் தோன்றிய முதலாம் அகிலத்தின் சார்பில், மறுதேர்வு பெற்ற லிங்கனுக்கு வாழ்த்து மடலை வரைந்தவர் கார்ல் மார்க்ஸ். கறுப்புத் தொழிலாளி விலங்கில் இருக்கும்வரை வெள்ளைத் தொழிலாளிக்கும் விடுதலையில்லை என்பதே இந்தப் போரிலிருந்து அவர் பெற்ற பாடம்.

அமெரிக்கப் பஞ்சு நின்றபோது பிரிட்டன் திரும்பிப் பார்த்தது நம் பக்கம். 1862இல் பிரிட்டனின் பஞ்சு இறக்குமதியில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து சென்றது. நாம் கூடியிருக்கும் இந்த நகரில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. பருத்தி வணிகரும் பங்குத் தரகருமான பிரேம்சந்த் ராய்சந்த் அந்நாளில் அளித்த நன்கொடையில்தான் மும்பைப் பல்கலைக்கழகத்தின் நூலகமும் அதன் மணிக்கூண்டான ராஜாபாய் கோபுரமும் எழுந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போர் நம் நகரில் விட்டுச்சென்ற நினைவுச்சின்னமும் ஒரு நூலகமே.

1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. தரகர்கள் திவாலாயினர். அவர்களைவிடக் கொடிய விளைவு தக்காணத்து உழவர்களுக்கு. உயர்ந்த விலையை நம்பி வாங்கிய கடன் அவர்கள் கழுத்தை நெரித்தது. புதிய கடனுக்கும் வழி அடைபட்டது. 1875இல் புனே மாவட்டத்துச் சுபா கிராமத்தில் எழுந்த உழவர்கள், வட்டிக்காரர்களின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் கைப்பற்றிக் கொளுத்தினர். அதற்கு இரண்டாண்டு முன், 1873இல், அதே புனேயில் ஜோதிராவ் பூலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்க அடிமை முறையின் வீழ்ச்சியில், சாதி அடிமை முறையின் வீழ்ச்சிக்கான நம்பிக்கையைக் கண்டவர் அவர். இந்தப் போரின் வரலாற்றை வாசிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளே விடை.

இன்று நேர்வது என்ன?

2023இல் புளோரிடா மாநிலம் வகுத்த பாடத்திட்டம், அடிமைகள் தமக்குப் பயன்படும் தொழில்திறன்களைக் கற்றுக்கொண்டனர் என்று மாணவருக்குச் சொல்லச் சொன்னது. ரூதர்போர்டின் அளவுகோல் நூறாண்டு கழித்து மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் டிரம்ப், நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கூட்டரசு நிதி வழங்கும் நிறுவனத்தைச் சட்டம் இடந்தரும் அளவுக்குக் கலைக்க ஆணையிட்டார். நான் முன்பு கூறிய வாசிப்புத் தொடருக்கு நிதியளித்த தேசிய நிதியத்தின் மானியங்கள் அடுத்த மாதமே பெருமளவில் ரத்து செய்யப்பட்டன. மே மாதத்தில் காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் கார்லா ஹேடன் பதவி நீக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர் அவர்.

எதிர்ப்பும் எழுந்தது. நூலகச் சங்கமும், நூலகப் பணியாளர்களை உறுப்பினராகக் கொண்ட பொதுத் துறை ஊழியர் தொழிற்சங்கமும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. மாநிலங்களும் தனியே வழக்காடின. நூலகத்தைக் காக்கும் போராட்டத்தில் தொழிற்சங்கம் முன்னணியில் நிற்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் பாடநூல்களிலிருந்து பக்கங்கள் நீக்கப்படுகின்றன. முகலாயர் காலம் சுருங்குகிறது. காந்தி கொலை பற்றிய வரிகள் மறைகின்றன. ஆகவே கடல் கடந்த இந்த வரலாற்றிலிருந்து நாம் பெற வேண்டிய பாடங்கள் இரண்டு. பொய் வரலாற்றை முழக்கத்தால் மட்டும் வீழ்த்த முடியாது. மூல ஆவணத்தை மக்கள் கையில் கொடுத்து, கூட்டாக வாசித்து, கூட்டாக விவாதிக்க வேண்டும். நம் கிளைகள் அதைச் செய்ய ஐந்து பேரும் ஒரு நூலும் போதும். இரண்டாவது, பொது நூலகம் உழைக்கும் மக்களின் உடைமை. அதன் நிதி வெட்டப்படும்போதும், பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும்போதும், பூட்டுத் தொங்கும்போதும் அது கூலிப் பிரச்சினைக்கு இணையான பிரச்சினை என்று கருதிக் களம் இறங்க வேண்டும்.

நாற்காலிகளை அகற்றியவர்கள் ஒன்றைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பிரிக்கப்பட்ட உழைப்பாளிகள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நூலை வாசிக்கத் தொடங்கினால், பிரித்தவர்களின் ஆட்சி நெடுநாள் நீடிக்காது. அந்த மேசையை நம் பகுதிகள்தோறும் அமைப்போம்.

செவ்வணக்கம்.